வட்டு எங்கே கெட்டது? மெய்நிகர் கணினியின் கெர்னல் சொல்வதைப் படிப்பது

பிங் அடித்தால் சர்வர் பதில் சொல்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையவும் முடிகிறது. ஆனால் ஒரு கோப்பில் எழுதப் போனால் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று மறுக்கிறது. டேட்டாபேஸ் நின்றுவிட்டது. லாக் நள்ளிரவோடு நின்றிருக்கிறது, அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. லினக்ஸ் மெய்நிகர் கணினிகளைப் பராமரிப்பவர்கள் என்றாவது ஒரு நாள் இந்த நிலையைச் சந்திக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பதற்றத்தில் கை முதலில் போவது ரீபூட்டுக்கு. அந்த ஒரு செயல், என்ன நடந்தது என்பதற்கான முக்கியச் சாட்சியை அழித்துவிடுகிறது.

கெர்னல் தன் செய்திகளை முதலில் எழுதுவது நினைவகத்தில் உள்ள ஒரு சிறிய இடத்தில். அங்கிருந்து எடுத்து வட்டில் சேர்ப்பது ஜர்னல்டி, ஆர்சிஸ்லாக் போன்ற நிரல்களின் வேலை. வட்டே எழுத விடாதபோது அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே கோளாறு நடந்த நிமிடத்தின் பதிவு நினைவகத்தில் மட்டும் இருக்கிறது, ரீபூட் செய்த கணமே போய்விடுகிறது. முதல் வேலை, டிமெஸ்ஜ் தரும் செய்திகளை எஸ்எஸ்ஹெச் வழியாகவே நம் கணினிக்கு இழுத்து வைப்பது. சில நேரம் டிமெஸ்ஜ் நிரலையே வட்டிலிருந்து படிக்க முடியாமல் ‘இன்புட்/அவுட்புட் எரர்’ வரும். அதற்கு முன்கூட்டியே வழி செய்திருக்க வேண்டும். மெய்நிகர் கணினிக்கு ஒரு சீரியல் கன்சோல் கொடுத்து, அதில் வருவதை, மெய்நிகர் கணினியை ஓட்டும் ஹோஸ்டில் கோப்பாகச் சேமிக்கலாம். நெட்கன்சோல் மூலம் கெர்னல் செய்திகளை வேறொரு சர்வருக்கு அனுப்பலாம். இரண்டுக்கும் காசு செலவில்லை. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் முக்கியமான மெய்நிகர் கணினியை ஓடவிடுவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

தனிக் கணினியில் கெர்னல் வட்டுப் பிழை என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டியவை குறைவு: வட்டு, கேபிள், கன்ட்ரோலர். மெய்நிகர் கணினியில் கதையே வேறு. கெஸ்டின், அதாவது மெய்நிகர் கணினியின், கெர்னலுக்கும் காந்தத் தகட்டுக்கும் நடுவில் ஒரு பொய்க் கன்ட்ரோலர், ஹைப்பர்வைசர், வட்டாக நடிக்கும் ஓர் இமேஜ் கோப்பு, அந்தக் கோப்பு குடியிருக்கும் ஹோஸ்டின் ஃபைல் சிஸ்டம், அதற்குக் கீழே எல்விஎம், மல்டிபாத், வலைப்பின்னல், ஸ்டோரேஜ் பெட்டி என அடுக்கடுக்காக இருக்கின்றன. கெர்னலுக்குக் கண்ணில் படுவது முதல் அடுக்கு மட்டும்தான். மாடி வீட்டுக் குழாய் ஒழுகினால் கீழ்வீட்டுச் சுவர் ஊறுவது போல, கெஸ்டின் லாகில் தெரியும் பிழை பெரும்பாலும் வேறெங்கோ பிறந்தது. கீழ்வீட்டில் நின்றுகொண்டு சுவரைச் சுரண்டிப் பூசுவதால்தான் பல இடங்களில் சின்னக் கோளாறு பெரிய தரவிழப்பாக முடிகிறது. எந்த அடுக்கு என்று கேட்காமல், ஃபைல் சிஸ்டத்தைத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டுவதைத்தான் சொல்கிறேன்.

அடுக்குகளைத் தாண்டி வரும்போது காரணம் உதிர்ந்துபோகிறது என்பதும் முக்கியம். கேவிஎம் உலகில் பரவலாக உள்ள விர்ட்ஐஓ-பிளாக் வட்டை எடுத்துக்கொள்வோம். படிக்கவோ எழுதவோ கெஸ்ட் அனுப்பும் கோரிக்கைக்கு அது தரும் விடைகள் அடிப்படையில் மூன்றே: ஆயிற்று, பிழை, இந்த வேலை எனக்குத் தெரியாது. ஹோஸ்டின் உண்மையான வட்டில் ஒரு செக்டார் கெட்டிருந்தாலும், வலைப்பின்னலில் உள்ள ஸ்டோரேஜ் அறுந்திருந்தாலும், கெஸ்டுக்குப் போய்ச் சேருவது ‘பிழை’ என்ற அதே ஒரு சொல்தான். அதைக் கெர்னல் ‘ஐ/ஓ எரர், டெவ் விடிஏ, செக்டார்’ என்று எழுதி, ஓர் எண்ணையும் போடுகிறது. ஸ்கஸி வட்டாகக் காட்டப்பட்டால் கொஞ்சம் கூடுதல் விவரம் கிடைக்கலாம், அதுவும் ஹைப்பர்வைசர் மொழிபெயர்த்துத் தருவதுதான். கெஸ்டுக்குள் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டிப் பார்ப்பதும் பயனற்றது. கியூஎம்யு காட்டும் ஐடிஇ வட்டு, ஸ்மார்ட் விவரங்களைத் தானே இட்டுக்கட்டித் தருகிறது. வட்டு ஆரோக்கியமாக இருப்பதாக அது சொல்வதற்கும் கீழே உள்ள உண்மையான வட்டுக்கும் சம்பந்தமில்லை. ஸ்மார்ட் பார்க்க வேண்டிய இடம் ஹோஸ்ட்.

முதலில், பயப்பட வேண்டாதவற்றை ஒதுக்கிவிடலாம். ‘எஃப்டி0’ மீது ஐ/ஓ எரர் என்று வந்தால் அது பயாஸில் இருப்பதாகக் காட்டப்பட்டு, வட்டு எதுவும் செருகப்படாத ஃபிளாப்பி. மெய்நிகர் ஃபிளாப்பியை நீக்கினால் செய்தி நிற்கும். ‘எஸ்ஆர்0’ மீது வந்தால், இன்ஸ்டால் செய்த ஐஎஸ்ஓ கோப்பு கழற்றப்பட்டிருக்கும். ‘ரைட் சேம் ஃபெயில்ட், மேனுவலி ஜீரோயிங்’ என்பது, ஹைப்பர்வைசருக்குத் தெரியாத ஒரு குறுக்குவழியைக் கெர்னல் முயன்று பார்த்து, பிறகு வழக்கமான வழிக்குத் திரும்பியதன் அறிவிப்பு. பிழைவரியில் வட்டின் பெயரை முதலில் பார்க்கும் பழக்கம் இருந்தாலே வீண் அலைச்சல் பாதி குறையும்.

உண்மையான கோளாறுகளில் நான் முதலிடம் தருவது தாமதத்துக்கு. வட்டு கெடவில்லை, ஒரு பைட்டும் தொலையவில்லை, விடை வர நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். லினக்ஸில் ஸ்கஸி வட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு கட்டளைக்கும் இயல்பாக உள்ள கெடு 30 வினாடி. அதற்குள் விடை வராவிட்டால் கெர்னல் அந்தக் கட்டளையைக் கைவிடச் சொல்கிறது, பிறகு வட்டை ரீசெட் செய்கிறது, பிறகு பஸ்ஸை, பிறகு கன்ட்ரோலரை. எதுவும் பலிக்காவிட்டால் வட்டை ‘ஆஃப்லைன்’ என்று அறிவித்துவிடுகிறது. தனி வட்டுக்கு 30 வினாடி என்பது தாராளம். ஆனால் நூறு மெய்நிகர் கணினிகள் பங்குபோடும் ஸ்டோரேஜ் பெட்டியில் ஒரு கன்ட்ரோலர் விழுந்து மற்றொன்று பொறுப்பேற்கும்போது அந்த நேரம் போதாமல் போகலாம். பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்து முடித்திருக்கும், அதற்குள் கெஸ்டின் எக்ஸ்ட்4 ஜர்னலில் எழுத முடியாமல் கையை விரித்து, தன்னை ரீட்-ஒன்லியாக மாற்றிக்கொண்டிருக்கும். காலையில் வந்து பார்ப்பவருக்கு ஸ்டோரேஜில் ஒரு குறையும் தெரியாது.

இதனால்தான் கெடுவை நீட்டும் பழக்கம் வந்தது. விஎம்வேர் டூல்ஸ் லினக்ஸ் கெஸ்டில் அதை 180 வினாடியாக்குகிறது. அஜூரின் லினக்ஸ் ஏஜென்ட் அமைப்புக்கோப்பில் மூல வட்டுக்கு 300 என்று இருக்கிறது. அமேசானின் இபிஎஸ் வட்டுகள் என்விஎம்இ வட்டுகளாகத் தோன்றும்போது, அங்கும் கெர்னலின் இயல்பு 30 வினாடி. அதை முடிந்தவரை பெரிய எண்ணாக, புதிய கெர்னல்களில் 4294967295 ஆக, வைக்கச் சொல்கிறது அமேசானின் ஆவணம். நடைமுறையில் அதன் பொருள், எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்பதே. விர்ட்ஐஓ-ஸ்கஸி டிரைவர் எழுதியவர்கள் இதே முடிவை நிரலிலேயே போட்டுவிட்டார்கள். கெடு முடிந்ததும் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிடுகிறது அந்த டிரைவர், ஹோஸ்ட் என்றாவது விடை தரும் என்ற நம்பிக்கையில்.

அப்படிக் காத்திருக்கும் கெஸ்டில் தெரியும் அறிகுறி முற்றிலும் வேறு. ஐ/ஓ எரரே வராது. நிரல்கள் ‘டி’ நிலையில் உறைந்துபோகும், கில் -9 கொடுத்தாலும் அசையாது, சுமைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். கெர்னல், ‘இந்த டாஸ்க் 120 வினாடிக்கு மேல் முடங்கியிருக்கிறது’ என்று எச்சரிக்கும். இதைக் கெர்னலின் கோளாறு என்று எண்ணிக் கெர்னலை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. கெர்னல் அங்கே சொல்வதெல்லாம், கேட்டதற்கு இன்னும் விடை வரவில்லை என்பதுதான்.

மேசைக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டுபவர்களுக்கும் இந்தத் தாமதம் அந்நியமல்ல. ஹோஸ்டின் நினைவகத்தில் எழுதக் காத்திருக்கும் தரவு மலைபோல் குவிந்திருக்கும்போது சில ஃபைல் சிஸ்டங்களில் ஒரே ஓர் எழுத்துக் கோரிக்கை முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம் என்றும், சுமார் 15 வினாடி தாண்டினாலே சில லினக்ஸ் கெஸ்டுகள் கடுமையாகத் தடுமாறும் என்றும் அதன் கையேடே சொல்கிறது. பெரிய கோப்பை ஹோஸ்டில் நகலெடுக்கும் நேரத்தில் கெஸ்டில் ‘ஏடிஏ1’ டைம்அவுட் வரிகள் வந்தால் வட்டு வாங்க ஓட வேண்டியதில்லை. விண்டோஸ் கெஸ்டில் இதற்கு இணை, ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணோடு வரும் ரீசெட் செய்தியும், 153 என்ற எண்ணோடு வரும் மறுமுயற்சிச் செய்தியும்.

கெடுவை நீட்டுவது எல்லா இடத்துக்கும் மருந்தா? தனியாக ஓடும் சர்வருக்கு ஆம் என்பேன், ஒரு நிமிடம் உறைந்து மீள்வது, ரீட்-ஒன்லியாகி விழுவதைவிட நல்லது. கிளஸ்டரில் ஓடும் டேட்டாபேஸுக்கு அது ஆபத்து. செத்த வட்டுக்காக முதன்மை சர்வர் முடிவில்லாமல் காத்திருந்தால், துணை சர்வர் பொறுப்பேற்பதும் தள்ளிப்போகிறது. கிளஸ்டரின் கெடுவையும் வட்டின் கெடுவையும் ஒரே ஆள் ஒரே தாளில் எழுதிப் பார்த்து அமைக்க வேண்டும். இரண்டும் இரண்டு குழுக்களின் பொறுப்பில் தனித்தனியே இருக்கும் இடங்களில் இது அநேகமாக நடப்பதில்லை.

வட்டு நேரடியாக ‘முடியாது’ என்று மறுக்கும் வகைக்கு வருவோம். மெய்நிகர் உலகில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம் இடமின்மை. கெஸ்டுக்கு 100 ஜிபி வட்டு என்று காட்டியிருப்போம், ஹோஸ்டில் அது வளர்ந்துகொண்டே போகும் கியூகவ்2 கோப்பு. ஹோஸ்டின் வட்டு நிரம்பிவிட்டால், கெஸ்டுக்குள் டிஎஃப் கொடுத்துப் பார்ப்பவருக்குப் பாதி காலியாகவே தெரியும், ஆனால் எழுத இடமிருக்காது. கியூஎம்யு இதை நன்றாகக் கையாள்கிறது. எழுதும்போது இடம் தீர்ந்தால் கெஸ்டுக்குப் பிழை அனுப்பாமல் கெஸ்டையே நிறுத்திவைப்பது அதன் இயல்பு. இடத்தைக் காலி செய்து மீண்டும் ஓடவிட்டால், நடந்ததே கெஸ்டுக்குத் தெரியாது. ‘விர்ஷ் டொம்ஸ்டேட்’ கட்டளையில் காரணத்தையும் கேட்டால் ஐ/ஓ எரரால் நிறுத்தப்பட்டது என்று சொல்லும். விஎம்வேரும் இப்படியே கெஸ்டை நிறுத்தி, இடம் செய்துவிட்டு மறுபடி முயலச் சொல்லிக் கேள்வி கேட்கிறது. ஆனால் கீழே எல்விஎம் தின் பூல் இருந்தால் கணக்கு மாறும். பூல் நிரம்பினால் அது எழுத்துக் கோரிக்கைகளை 60 வினாடி வரிசையில் நிறுத்திவைக்கும், அதன்பின் பிழையாகத் திருப்பிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் கவனிக்காவிட்டால் அதன்மீதுள்ள கெஸ்டுகள் பலவும் ஒன்றாக விழும். தின் பூலின் நிரம்பும் அளவைக் கண்காணிக்காமல் இருப்பதைவிடப் பெரிய அலட்சியம் இந்தத் துறையில் குறைவு. மறந்துபோன ஸ்னாப்ஷாட்டுகள்தான் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் தின்பவை, மாதக்கணக்கில் கிடக்கும் ஸ்னாப்ஷாட்டைத் தேடி நீக்குவது மாதாந்திர வேலையாக இருக்க வேண்டும்.

உண்மையிலேயே ஹோஸ்டின் வட்டில் செக்டார் கெட்டிருந்தால், கெஸ்டின் பிழைவரியிலிருந்து அந்த இடம்வரை கணக்குப் போட்டே போய்ச் சேரலாம். கெர்னல் ‘டெவ் விடிஏ, செக்டார் 10487808’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டு எந்த வகையானாலும் லினக்ஸ் இந்த எண்ணை 512 பைட் அளவில்தான் எண்ணும். முதல் பார்ட்டிஷன் 2048ஆம் செக்டாரில் தொடங்கினால், பார்ட்டிஷனுக்குள் இடம் 10485760. எக்ஸ்ட்4 பிளாக் 4096 பைட், அதாவது எட்டு செக்டார், எட்டால் வகுத்தால் 1310720ஆம் பிளாக். டீபக்எஃப்எஸ்ஸில் ‘ஐசெக்’ கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் ஐநோடு எண் வரும், அதை ‘என்செக்’ கட்டளைக்குக் கொடுத்தால் கோப்பின் பெயர் வரும். இழந்தது பழைய லாகா, டேட்டாபேஸின் முக்கிய அட்டவணையா என்பது அப்போதே தெரிந்துவிடும், அடுத்த நடவடிக்கையின் அவசரத்தை அதுவே தீர்மானிக்கிறது. ஹோஸ்ட் பக்கம் இறங்க, அதே 10487808ஐ 512ஆல் பெருக்கினால் 5369757696ஆவது பைட். இமேஜ் ‘ரா’ வடிவம் என்றால் கோப்பிலும் அதே இடம்தான், கியூகவ்2 என்றால் ‘கியூஎம்யு-ஐஎம்ஜி மேப்’ சொல்லும். ஹோஸ்டின் டிமெஸ்ஜில் அதே நிமிடத்தில் ‘மீடியம் எரர்’ இருந்து, ஸ்மார்ட்டில் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை ஏறியிருந்தால் வழக்கு முடிந்தது, வட்டை மாற்ற வேண்டியதுதான். ஹோஸ்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் நடு அடுக்குகளைத் தேட வேண்டும். நேரத்தை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை: நிறுத்திவைத்து ஓடவிடப்பட்ட கெஸ்டின் கடிகாரம் பின்தங்கியிருக்கலாம், ஹோஸ்டின் நேரத்தை அளவாகக் கொள்வதே பாதுகாப்பு.

இதுவரை சொன்னவற்றில் வட்டு தாமதித்தது அல்லது மறுத்தது. மூன்றாவது வகையில் வட்டு ‘எழுதிவிட்டேன்’ என்று சொல்லும், எழுதியிருக்காது. இதன் அடையாளம் லாகின் வரிசையில் இருக்கிறது. வட்டு அடுக்கின் ஐ/ஓ எரர் முதலில் வந்து, பிறகு எக்ஸ்ட்4 புகார் செய்தால் கோளாறு கீழே. எந்த ஐ/ஓ எரரும் இல்லாமல், எக்ஸ்ட்4 திடீரென்று ‘செக்சம் பொருந்தவில்லை’, ‘டைரக்டரி சிதைந்திருக்கிறது’ என்று ஆரம்பித்தால், வட்டு கேட்டதைக் கொடுத்திருக்கிறது, கொடுத்த உள்ளடக்கம் தவறு. பழைய நிகழ்வின் சிதைவு இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கலாம். எக்ஸ்ட்4 முதல் பிழையின் நேரத்தை சூப்பர்பிளாக்கிலேயே குறித்துவைக்கிறது, ‘டியூன்2எஃப்எஸ் -எல்’ அதைக் காட்டும். ரீபூட்டைத் தாண்டியும் பிழைத்திருக்கும் அரிய சாட்சி அது.

இவ்வகைச் சிதைவின் பெரிய ஊற்று, காத்திருக்கும் தரவை உடனே வட்டில் எழுதச் சொல்லும் ஃபிளஷ் கட்டளையை மதிக்காமை. வேகத்துக்காக விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாகவே கெஸ்டின் ஃபிளஷ் கோரிக்கையைப் புறக்கணிக்கும் என்றும், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதன் கையேடு கூறுகிறது. கியூஎம்யுவில் கேஷ் முறையை ‘அன்சேஃப்’ என்று வைத்தாலும் இதே நிலை. மின்சாரம் போகாதவரை எல்லாம் சரி. போன மறுகணம், கெஸ்டின் ஜர்னல் எந்த வரிசையை நம்பி எழுதப்பட்டதோ அந்த வரிசை குலைந்திருக்கும். இன்னொரு ஊற்று, ஒரே இமேஜை இரண்டு மெய்நிகர் கணினிகள் ஒரே நேரத்தில் திறப்பது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டுமே அதைத் தாங்காது. 2017இல் வந்த கியூஎம்யு 2.10 முதல் இமேஜுக்குப் பூட்டுப் போடும் வசதி இருக்கிறது. அந்தப் பூட்டு தொல்லை தருகிறது என்று அணைப்பவர்கள், அது எதைத் தடுக்கிறது என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிழை வந்தும் நிரலுக்கு அது சரியாகப் போய்ச் சேராத கொடுமையும் உண்டு. 2018இல் போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களிடையே பெரும் விவாதமான விஷயம் இது. எழுதத் தவறிய பக்கத்தை லினக்ஸ் கெர்னல் ‘சுத்தம்’ என்று குறித்துவிடும், தரவு வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்யக் கேட்கும் முதல் எஃப்சிங்க் அழைப்பு பிழை தரும், மறுபடி கேட்டால் வெற்றி என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் மறுமுயற்சியின் வெற்றியை நம்பியது, தரவு வட்டில் இருக்கவில்லை. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பு முதல், எஃப்சிங்க் தவறினால் போஸ்ட்கிரெஸ் தன்னை உடனே நிறுத்திக்கொண்டு தன் லாகிலிருந்து மீள்கிறது. 2020இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே கேள்வியை எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மீதும் ரெடிஸ், எஸ்கியூலைட் உள்ளிட்ட நிரல்கள் மீதும் சோதித்தபோது, எஃப்சிங்க் தவறுவதை எல்லாச் சூழலிலும் சரியாகச் சமாளித்த நிரல் ஒன்றுமில்லை என்று கண்டார்கள். உண்மையான வட்டுகளும் பொய் சொல்லாதவை அல்ல. நெட்ஆப் நிறுவனத்தின் 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதங்கள் கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட செக்சம் பிசகுகளைப் பதிவு செய்தது. எக்ஸ்ட்4 தன் மெட்டாடேட்டாவுக்கு மட்டுமே செக்சம் வைக்கிறது, கோப்பின் உள்ளடக்கத்துக்கு இல்லை. எனவே ஹோஸ்டில் இசட்எஃப்எஸ் போல ஒவ்வொரு பிளாக்கையும் சரிபார்க்கும் அடுக்கு ஒன்று இருப்பதையே நான் விரும்புவேன்.

காரணம் தெரிந்த பிறகுதான் பழுதுபார்ப்பு, அதிலும் முதல் அடி நகலெடுப்பது. கெஸ்டை அணைத்துவிட்டு இமேஜை வேறு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும், கீழே செக்டார் கெட்டிருந்தால் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு. இடம் தீர்ந்த ஸ்டோரேஜில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஸ்னாப்ஷாட் எடுப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதுதான். நகலின் மீது முதலில் ‘இ2எஃப்எஸ்சிகே -என்’ ஓட்டி, எதையும் மாற்றாமல் சேதத்தின் அளவைப் பார்க்கலாம். மவுன்ட் ஆகியிருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் மீது ஓட்டினால் இல்லாத பிழைகளையும் காட்டும், அதை நம்பிவிடக் கூடாது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் ‘எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்’ அழுக்கான லாகைக் கண்டு மறுத்தால், ஒருமுறை மவுன்ட் செய்து லாகை ஓடவிடுவதே முறை. ‘-எல்’ கொடுத்து லாகை அழிப்பது, கடைசி நேர மாற்றங்களைக் கைகழுவ ஒப்புக்கொள்வதாகும். ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்டின் கியூகவ்2 மீது ‘கியூஎம்யு-ஐஎம்ஜி செக்’ கட்டளையைப் பழுதுபார்க்கும் தெரிவோடு ஓட்டுவது, நல்ல இமேஜையும் கெடுக்கும்.

இவை எல்லாவற்றையும் கோளாறு வருவதற்கு முன்பே ஒத்திகை பார்க்க லினக்ஸிலேயே கருவிகள் இருக்கின்றன. டிவைஸ் மேப்பரின் ‘எரர்’ இலக்கு கேட்டதையெல்லாம் மறுக்கும், ‘ஃப்ளேக்கி’ சில வினாடி ஒழுங்காகவும் சில வினாடி கெட்டும் நடக்கும், 2019இல் 5.2 கெர்னலோடு வந்த ‘டஸ்ட்’ நாம் குறிக்கும் பிளாக்கை மட்டும் கெட்டதாகக் காட்டும், ‘டிஎம்செட்அப் சஸ்பெண்ட்’ வட்டை நாம் விடுவிக்கும்வரை உறையவைக்கும். சோதனை ஹோஸ்டில் கெஸ்டின் வட்டை இவற்றின் மேல் வைத்து ஒவ்வொன்றாக இயக்கினால், நம் கெஸ்ட் எத்தனை வினாடியில் ரீட்-ஒன்லியாகிறது, நம் டேட்டாபேஸ் எஃப்சிங்க் பிழைக்கு என்ன செய்கிறது, எச்சரிக்கை மணி யாருடைய போனில் அடிக்கிறது, கெர்னலின் கடைசி வரிகள் நெட்கன்சோல் சர்வரில் வந்து சேர்கின்றனவா என்பதெல்லாம் ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும்.